அவள் போட்ட முகப்பு

அந்த வருஷம் மாசியில் தொடங்கி சித்திரை முடியும் வரை என்னால் புதிதாக ஒரு வீட்டின் முகப்பைக்கூட வரைய முடியவில்லை. மற்ற வேலையெல்லாம் நடந்தது. பிளான் போட்டேன். செப்டிக் டேங்க் வரைந்தேன். போளூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு எத்தனை லோடு செங்கல், எத்தனை மூட்டை சிமெண்ட் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அதில் ஒரு தப்பும் இல்லை. முகப்பு மட்டும் வரவில்லை.

தெருவில் நின்று பார்த்தால் வீடு எப்படித் தெரியும் என்று காட்டும் படத்தை நாங்கள் எலிவேஷன் என்போம். தேரடித் தெருவில், ஒரு நோட்டுப்புத்தகக் கடைக்கு மேல் மாடியில், ஒரு இன்ஜினியரின் அலுவலகம். சென்னையில் மூன்று வருஷம் பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு நேராக அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. ஊருக்கு வெளியே வேங்கிக்கால் பக்கம் மனை போட ஆரம்பித்திருந்தார்கள். வீடு கட்டுகிற எல்லோருக்கும் பக்கத்து வீட்டில் இல்லாத ஒன்று தன் வீட்டு முன்னால் இருக்க வேண்டும். ஒருவருக்கு ஜன்னலுக்கு மேல் வளைந்த சன்ஷேடு, ஒருவருக்குக் கைப்பிடிச் சுவரில் தாமரை, ஒருவருக்கு உதயசூரியன் வைத்த கிரில். முதல் இரண்டு வருஷம் இதையெல்லாம் நான் சளைக்காமல் போட்டேன். ஜன்னலோரம் இருந்த பெரிய டிராயிங் போர்டு என்னுடையது. முகப்பு வரைகிறவருக்கு வெளிச்சம் வேண்டும் என்று இன்ஜினியர் சார் அதை எனக்குக் கொடுத்திருந்தார்.

பிறகு ஒரு நாள் வெள்ளைத் தாளை போர்டில் ஒட்டி, டி-ஸ்கொயரை வைத்து, தரைமட்டக் கோட்டை இழுத்தேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

எனக்கு எதையும் பட்டியல் போட்டால்தான் மனசு அடங்கும். செய்து பார்த்ததையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பென்சில்களை மாற்றிப் பார்த்தேன். ஸ்கேல் இல்லாமல் வெறும் கையால் கிறுக்கிப் பார்த்தேன். காலையில் அரை மணி முன்னதாக வந்து திருவூடல் தெருவில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து எத்தனை வகை சன்ஷேடு இருக்கிறது என்று எண்ணினேன். பதினான்கு வகை இருந்தது. பதினைந்தாவது எனக்குத் தோன்றவில்லை. பழைய முகப்பு இரண்டை எடுத்து ஒன்றின் தலையை மற்றொன்றின் உடம்பில் வைத்தேன். அதை ஒருவர் வாங்கிக்கொண்டும் போனார். அவர் வீட்டு வழியாகப் போவதை நான் பிறகு தவிர்த்தேன்.

அவள் வந்தது பங்குனியில். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு முடித்தவள். என்னைவிட நாலு வயது சிறியவள். டிரேஸ் எடுக்கத்தான் அவளை வைத்தார்கள். அதாவது நான் பென்சிலில் போடுவதன் மேல் டிரேசிங் தாளை விரித்து, அவள் மசியில் எழுத வேண்டும். பத்து நாள் அப்படித்தான் போனது. பதினோராவது நாள் நான் முனிசிபாலிட்டிக்கு ஒரு அனுமதி விஷயமாகப் போயிருந்தேன். அந்த நேரத்தில் ஒரு வாத்தியார் வந்திருக்கிறார். மூன்று வாரமாக நான் பழைய முகப்புகளையே மாற்றிப் போட்டுக் காட்டி, மூன்று வாரமாக உதட்டைப் பிதுக்கிய வாத்தியார். இவள் பழைய பிரிண்ட் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அவரோடு பேசிக்கொண்டே அதன் பின்பக்கத்தில் வரைந்திருக்கிறாள். நான் வரும்போது அவர் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று மாலை என் நோட்டில் ஒரு புதிய தலைப்பு: அவளுக்கு ஏன் வருகிறது. ஒன்று, பயம் இல்லை. இரண்டு, அவளிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. மூன்று, ரப்பரைக் குறைவாகத் தொடுகிறாள். நான்கு என்று எண்ணைப் போட்டுவிட்டு எதிரில் ஒன்றும் எழுதவில்லை. என்ன எழுத வேண்டும் என்று தெரியும். எழுதக் கை வரவில்லை.

பொறாமை என்றால் எரிச்சல் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு வந்தது ஒரு விதக் கவனம். அவள் எப்போது தண்ணீர் குடிக்கிறாள், பென்சிலை எந்த விரலுக்கும் எந்த விரலுக்கும் நடுவில் பிடிக்கிறாள், யோசிக்கும்போது எங்கே பார்க்கிறாள், எல்லாம் எனக்குத் தெரிந்தது. பாடம் படிக்கிற காலத்தில்கூட நான் ஒருவரை அவ்வளவு உன்னிப்பாகக் கவனித்ததில்லை. அவள் என்னிடம் மரியாதையாகத்தான் இருந்தாள். வாய்க்கு வாய் அக்கா. ஊரிலிருந்து வேர்க்கடலை அவித்துக் கொண்டுவந்தால் முதலில் என் மேஜையில்தான் வைப்பாள். அதையும் நான் ஒரு குற்றமாகக் குறித்துக்கொண்டேன்.

அப்போதுதான் இரும்புக்கடை பாய் வீட்டு வேலை வந்தது. ஊருக்குள் குறுகலான தெருவில் இருபத்து நாலடி அகல மனை. முன்சுவரை ஒட்டியே மாடிப்படி ஏற வேண்டும். வேறு இடம் இல்லை. பழையதையே வெட்டி ஒட்டி நான் மூன்று முகப்பு போட்டேன். மூன்றையும் பாய் வீட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்.

"நல்லாத்தான் கீதுமா. வீட்டுல வேணான்றாங்க" என்பார், என் மனம் நோகக் கூடாதென்று தாளைத் தடவிக்கொடுத்தபடி.

மூன்றாவது தடவை அவர் போன பிறகு சார் என் போர்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். திட்டுகிறவர் அல்ல அவர். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதை அந்தப் பொண்ணும் ஒண்ணு போடட்டும். பாய் வீட்டுல எது ஒத்துக்கிறாங்களோ, இனிமே எலிவேஷன் அவங்க பாக்கட்டும். இன்னொருத்தர் பிளான், எஸ்டிமேட். ரெண்டு பேரும் ரெண்டையும் போட்டுட்டு இருந்தா வேலை ஆவல."

சரி சார் என்றேன். கணக்கு யார் வேண்டுமானாலும் போடலாம். அந்த அலுவலகத்தில் எனக்கென்று ஒன்று இருந்தது என்றால் அது அந்த ஜன்னலோர போர்டும், அதில் நான் போடும் முகப்பும்தான்.

அவள் தாளை எடுப்பதற்கு முன்னால் செய்த காரியம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. கட்டில் பீரோ அளவு எடுக்க வேண்டும் என்று சாரிடம் சொல்லிவிட்டு, பாய் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் போனாள். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாள். பீரோ அளவு எதுவும் அவள் கையில் இல்லை. பாய் மனைவியோடு உட்கார்ந்து டீ குடித்தாளாம். அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசையாம். சாயங்காலம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதைத் தெருக்கோடி வரை பார்க்க ஒரு ஜன்னல் வேண்டும். ஆனால் தெருவில் போகிறவர்கள் கண் உள்ளே விழக் கூடாது.

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதை அவள் சொன்னபோது நான் பிளேடால் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். மூன்று வருஷத்தில் போட்ட முகப்புகளில் எல்லாம் தெருவில் நின்று பார்க்கிறவரைத்தான் நான் நினைத்திருக்கிறேன். உள்ளே இருந்து பார்க்கிற ஒருவர் என் கணக்கில் இல்லவே இல்லை. பென்சில் முனை ஒடிந்தது.

இனி சொல்லப்போவதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. நான் வைத்த விதி. எந்த வேலையானாலும் அதன் கடைசிப் பிளான் சுவரில் உள்ள கிளிப்பில் தொங்க வேண்டும். மாற்றினால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். கிளிப்பில் இருப்பதைப் பார்த்துத்தான் மற்றவர் வரைய வேண்டும். ஒரு புதன்கிழமை பாயும் மேஸ்திரியும் வந்தார்கள். ஹால் அகலம் பன்னிரண்டு அடி என்று நான் போட்டிருந்தேன். மேஸ்திரி தலையை ஆட்டினார்.

"பன்னெண்டு ஆவாதுமா. மனையடியில பன்னெண்டு சரியில்ல. பதினொண்ணு போடு. இல்லாங்காட்டி பதினாறு போடு."

தனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று பாய் சொன்னார். ஆனால் மேஸ்திரி பன்னிரண்டுக்கு அஸ்திவாரக் கயிறு பிடிக்க மாட்டார். அவரைப் போல் கை சுத்தமான ஆளும் கிடைக்க மாட்டார். ஆகவே பதினொன்றே இருக்கட்டும் என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து ஹாலின் வலது சுவரை ஒரு அடி இடப்பக்கம் தள்ளிப் புதுத் தாள் போட்டேன். சாருக்கு வெளியூர் வேலை. அவளுடைய பஸ் அன்று தாமதம். பாயும் மேஸ்திரியும் போன பிறகு புதுத் தாளை என் டிராயருக்குள் வைத்தேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். முதல் ஒரு மணி நேரத்துக்கு அது உண்மையாகக்கூட இருக்கலாம். மதியம் அவள் கிளிப்பிலிருந்து பழைய பிளானை எடுத்துத் தன் போர்டில் ஊசி குத்தியபோது நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என் எஸ்டிமேட்டைத் தொடர்ந்தேன். வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் அவள் அந்தப் பன்னிரண்டடியை நம்பி வரைந்தாள். மூன்று நாளும் நான் நாலடி தூரத்தில் இருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் முகப்பு முடிந்தது. சார் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். திங்கட்கிழமை பாய் வருகிறார். உன் கோடு சுத்தமாக இருக்கும், நீயே மசியில் எழுதிவிடு என்றார். அவள் போட்டதை நான் டிரேஸ் எடுக்க வேண்டும்.

ஞாயிறு காலை வீட்டில் போர்டை மடக்குக் கட்டில்மேல் வைத்து உட்கார்ந்தேன். டிரேஸ் எடுக்கும்போது மற்றவருடைய கோட்டின் மேலேயே கை போக வேண்டும். அவள் எங்கே யோசித்து நின்றாள், எங்கே துணிந்தாள் என்பதெல்லாம் பென்சிலின் அழுத்தத்தில் தெரிந்தது. படி இடமிருந்து வலமாகச் சுவரோடு ஏறியது. அது உயரே போகிற இடத்தில், அதன் அடியில், ஹாலின் வலது மூலையை ஒட்டி ஒரு ஜன்னல். மேலே படியின் நிழல் அதன்மேல் விழும். உள்ளே இருப்பவர் இருட்டில் இருப்பார். தெரு வெயிலில் இருக்கும். அவ்வளவுதான். வளைவு இல்லை, தாமரை இல்லை. நான் போட்ட மூன்றைவிட அது எவ்வளவோ மேல். அது தெரியாத அளவுக்கு நான் படிக்காதவள் இல்லை என்பதுதான் தொந்தரவு.

ஜன்னல் வரைக்கும் வந்து பேனாவை வைத்துவிட்டேன். சுவர் ஒரு அடி தள்ளிவிட்டதே. இப்போது அந்தச் சுவர் இந்த ஜன்னலுக்கு நடுவில் வந்து நிற்கும். ஜன்னலை இடப்பக்கம் நகர்த்தினால் அங்கே படி தாழ்வு. படி அதன் தலையை வெட்டும். இந்த ஜன்னலை இங்கே வைக்கவே முடியாது. இது இல்லாவிட்டால் இந்த முகப்பில் ஒன்றும் இல்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூடி மறைக்க விரும்பவில்லை. ஒரு டம்ளர் காபி போட்டு நின்றபடி குடித்தேன். பேசாமல் அப்படியே எழுதிக் கொடுத்துவிடலாம். பாய் ஒத்துக்கொள்வார், கயிறு பிடிப்பார்கள், சுவர் எழும்பும், ஜன்னல் இடத்துக்கு வந்ததும் மேஸ்திரி அலுவலகப் படியேறி வந்து கத்துவார். பிளான் தெரியாமல் படம் போட்ட பெண் என்று பெயர் அவளுக்கு. போர்டு எனக்கு.

பிறகு நடந்ததற்கு நல்ல மனசு காரணம் என்று சொல்ல மாட்டேன். படி அந்த ஜன்னலின் தலையை வெட்டுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டினால் வெட்டட்டுமே என்று ஒரு எண்ணம். ஜன்னலுக்குச் சதுரத் தலை எதற்கு? மரச்சட்டம் என்றால் சதுரம் வேண்டும். ஓட்டை ஓட்டையாக வார்த்த சிமெண்ட் ஜாலி என்றால்? படி ஒவ்வொன்றும் பத்து அங்குல அகலம், ஏழு அங்குல உயரம். ஜாலிக் கல்லையும் பத்துக்கு ஏழாக அச்சில் வார்த்தால், கல் மேல் கல்லாகப் படியோடு படியாக ஏறும். மேலே சாய்வாக ஒரு கான்கிரீட் பட்டை. உள்பக்கம் சின்னதாக ஒரு கதவு. ஓரத்தில் கிடந்த தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு கல் இடித்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டபோது மணி மூன்று. என் முன்னால் பென்சில் தூளும், ஜன்னலும் இருந்தன. இரண்டரை மாதம் கழித்து நான் வரைந்திருக்கிறேன் என்பது கை கழுவும்போதுதான் உறைத்தது.

திங்கட்கிழமை அவள் பையை ஆணியில் மாட்டுவதற்குள் சொல்லிவிட்டேன். ஹால் பதினொரு அடி. புதன்கிழமையே மாறிவிட்டது. தாள் என் டிராயரில் இருக்கிறது.

அவள் கிளிப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் போட்டுட்டு இருந்தப்ப நீங்க இங்கதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"மறந்துட்டேன்னு சொன்னா நம்பியிருப்பேங்க்கா" என்றாள். "எதுக்கு சொல்றீங்க?"

நான் வரைந்திருந்ததை அவள் பக்கம் தள்ளினேன். அவள் உட்காரவில்லை. நின்றபடியே தன் முகப்பின் மேல் என் தாளை வைத்து, மூலைகளைச் சரியாகப் பொருத்தி, குனிந்து பார்த்தாள். கீழே தெருவில் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஜன்னலும் படி ஏறுது" என்றாள். விரலால் கற்களை எண்ணிவிட்டு, "இது எனக்குத் தோணல."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். இரண்டு மாதமாக என் தொண்டையில் இருந்த குரல் அது. அவளிடம் அதைக் கேட்டதும் எனக்கு வெட்கமும் ஒரு விதமான இனிப்பும் சேர்ந்து வந்தது.

பதினொரு மணிக்கு பாய் வந்தார். இந்தத் தடவை மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தாள் முழுவதையும் விட்டுவிட்டு ஜன்னலின் மேல் விரலை வைத்தார். இங்கே நின்றால் தெருக்கோடி தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று அவள் சொன்னாள். வெளியே இருந்து என்று கேட்க ஆரம்பித்தார். தெரியாது என்று நான் சொன்னேன். அந்த அம்மா எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கணவரிடம் தலையசைத்தார். ஜாலிக்கு வேலை ஜாஸ்தி ஆகுமே என்று பாய் இழுத்தார். ஆகட்டும் என்றார் அந்த அம்மா.

அவர்கள் போன பிறகு, இது யாருது என்று சார் கேட்டார். ரெண்டு பேரோடதும்தான் என்று அவள் முந்திக்கொண்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காலையில் நடந்ததற்குப் பிறகும் அவளால் அப்படிச் சொல்ல முடிந்தது. அவளிடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"முகப்பு அவளோடது சார். ஒரு தப்பைச் சரி பண்ணேன், அவ்ளோதான். அந்தத் தப்பும் என்னுதுதான். பிளான் மாத்தினதை நான் மாட்டல."

சார் கிளிப்பைப் பார்த்தார், டிராயரைப் பார்த்தார், தன் மேஜைக்குப் போனார். மதியத்துக்கு மேல் நானே என் பொருள்களை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கத்து போர்டுக்கு மாறினேன். டி-ஸ்கொயர், செட் ஸ்கொயர் இரண்டு, மசிப் பேனா மூன்று, அழிக்கிற பிளேடு, நோட்டு. அவள் உதவ வந்தாள். வேண்டாம் என்றேன். ஒரு வாரம் வேலை விஷயம் தவிர அவள் என்னோடு பேசவில்லை. வேர்க்கடலையும் வரவில்லை.

அதன் பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டானது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. அவள் ஒரு முகப்பைப் பென்சிலில் போட்டதும் என் போர்டில் கொண்டுவந்து வைப்பாள். நான் அதில் கட்ட முடியாத இடத்தைத் தேடுவேன். தேடுவேன் என்றால் வெறியோடு தேடுவேன். மழைத் தண்ணீர் எங்கே தேங்கும், எந்த சன்ஷேடு பாரம் தாங்காது, எந்த வாசலில் பீரோ நுழையாது. கண்டுபிடித்ததும் அந்த இடத்தில் ஏதாவது எனக்குத் தோன்றும். வெள்ளைத் தாளில் எனக்கு வராத முதல் கோடு, அவள் கோட்டுக்கு மேல் வைத்தால் வந்தது. அதற்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. வெயில்காலம் போய் கார்த்திகை தீபக் கூட்டம் வந்து போகும் வரை இப்படியே ஓடியது.

தை மாதத்தில் அவள் ஒரு முகப்பு கொண்டுவந்தாள். வேங்கிக்காலில் ஒரு தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்கு, சின்ன வீடு. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதில் தப்பு தேடினேன். தண்ணீர் சரியாக வடிந்தது. பாரம் சரியாக இறங்கியது. வாசல், படி, அளவு, எல்லாம் சரி. பிளானோடு நாலு தடவை ஒத்துப் பார்த்தேன். நான் தொட வேண்டிய இடம் அதில் எங்கேயும் இல்லை. அப்படியே அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். வந்த ஆத்திரத்தில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஒட்டி, அதே வீட்டுக்கு, அதே பிளானுக்கு, நான் ஒன்று போட ஆரம்பித்தேன். தரைமட்டக் கோடு. அதற்கு மேல் வாசல். வாசலுக்கு மேல் கை நிற்கவே இல்லை. விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்து முடித்தேன். அவள் கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸையும் விட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டியபடி காத்துக்கொண்டிருந்தாள்.

காட்டினேன். அவள் குனிந்து, நான் அவளுடையதைப் பார்ப்பதுபோலவே, ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தாள்.

"போர்ட்டிகோவுல ஒரு தூணு ஜாஸ்திங்க்கா" என்றாள்.

பார்த்தேன். ஜாஸ்தியாகத்தான் இருந்தது. ரப்பரை எடுத்தேன்.